4 டன் எடையில 155 பீரங்கி எப்படி சாத்தியம்? எம்777 பத்தி தெரிஞ்சவங்க வாங்க

பாலக்கோடு_தக்காளி
சினூக் ஹெலிகாப்டர் அடிவயித்துல ஒரு முழு பீரங்கிய தொங்கவிட்டு மலை மேல தூக்கிட்டுப் போற வீடியோ யாராச்சும் பாத்தீங்களா? எம்777 அது. பேரல் வாய் அகலம் 155 மிமீ. நம்ம போஃபர்ஸும் அதே 155 தான், பேரல் நீளம் கூட ரெண்டுக்கும் 39 கேலிபர், அதாவது வாய் அகலத்துல 39 மடங்குன்னு ஒரே கணக்கு. ஆனா போஃபர்ஸ் கிட்டத்தட்ட 12 டன், இது 4.2 டன்னு போட்டிருக்கான். மூணுல ஒரு பங்கு! எனக்கு மண்டைக்குள்ள ஏறாதது இதுதான், ஒரே சைஸ் குண்டு, ஏறக்குறைய ஒரே தூரம் போகுது, அப்போ சுடும்போது பின்னாடி வர்ற உதையும் ஒரே அளவுதான இருக்கணும்? 12 டன் தாங்குற உதைய 4 டன் எப்படி தாங்குது? கேட்டா எல்லாரும் டைட்டானியம் டைட்டானியம்ங்கிறாங்க, டைட்டானியம்னா என்ன மந்திரமா. ஓசூர் ஆளுங்க, ஆர்மில இருந்த அண்ணனுங்க யாராச்சும் விளக்குங்க. தேடிப்பாருன்னு சொல்ல வர்றவங்க தயவுசெஞ்சு ஒதுங்கிடுங்க

மாங்கா_மண்டி
சிம்பிள் தம்பி. பீரங்கில எடைய குறைச்சான், குறைச்ச எடைய பில்லுல ஏத்திட்டான் 😂

லேத்துக்காரன்_ஓசூர்
மந்திரம்லாம் இல்ல தம்பி. மொதல்ல ஒன்னு தெளிவாயிடுவோம், பேரல் டைட்டானியம் கிடையாது. பேரலும் பிரீச்சும் (குண்டு போடுற பின்பக்க வாய்) ஸ்டீல்தான், அந்த சூட்டுக்கும் பிரஷருக்கும் கன் ஸ்டீல விட்டா வேற வழி இல்ல. பேரல தாங்குற தொட்டில், அதுக்குக் கீழ சேடில், பின்னாடி கால் ரெண்டு, முன்னாடி கால் ரெண்டு, மண்ணுல குத்துற ஸ்பேடு, இதுலதான் டைட்டானியமும் அலுமினிய அலாயும் வருது.

6-4 கிரேடுன்னு சொல்லுவோம், நூத்துக்கு 6 பங்கு அலுமினியம் 4 பங்கு வனேடியம் கலந்த டைட்டானியம். தண்ணி அடர்த்தி 1னு வச்சா ஸ்டீல் 7.85, இது 4.43. பலம் நல்ல ஸ்டீலுக்கு சமமா வரும். ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. விறைப்பு ஸ்டீல்ல பாதிக்கு கொஞ்சம் மேலதான். அதாவது உடையாது, ஆனா வளையும். அதனால ஸ்டீல்ல போட்ட டிராயிங்க அப்படியே டைட்டானியத்துல அடிச்சா வேலைக்காகாது, செக்‌ஷன பெருசாக்கி உள்ள பொள்ளலா விட்டு டிசைனையே மாத்தணும். எம்777 படத்த உத்துப் பாத்தீங்கன்னா குழாய் குழாயா எலும்புக்கூடு மாதிரி தெரியுறது அதுக்குத்தான்.

அப்புறம் மெஷினிங். ஐயோ சாமி. எங்க ஷாப்புல டைட்டானியம் ஜாப் வந்தா பழைய ஆளுங்க கூட மூஞ்ச சுளிப்பாங்க. சூட்ட கடத்தாது, வெட்டுற சூடு மொத்தமும் டூல் நுனியிலயே நிக்கும், ஸ்டீலுக்கு வைக்கிற ஸ்பீடுல மூணுல ஒரு பங்கு கூட வைக்க முடியாது, கூலன்ட்ட வெள்ளமா விடணும், டூல் கொஞ்சம் மழுங்கினாலும் வெட்டாம தேய்க்க ஆரம்பிக்கும், தேய்ச்சா மேல்தோல் கெட்டியாயிடும், அடுத்த பாஸ்ல இன்சர்ட் காலி. பொடி சுருள் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, காஞ்ச மணல்தான். வெல்டிங்னா அதுக்கும் மேல, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஆர்கான் போயிக்கிட்டே இருக்கணும், சூடு ஆறுற வரைக்கும் காத்து படக்கூடாது. தையல் வெள்ளி மாதிரி மினுக்குனா பாஸ். லேசா வைக்கோல் நிறம் வந்தா போனா போகுதுன்னு விடலாம். நீலம் அடிச்சா காத்து உள்ள போயிருச்சுன்னு அர்த்தம், தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து. பீரங்கி ஸ்பேடு மாதிரி சிக்கலான பாகத்த நிறைய துண்டு வெல்டு பண்ணி செய்யிறத விட்டுட்டு ஒரே காஸ்டிங்கா மாத்துனதுக்கு இதுதான் காரணம்.

ஊத்தங்கரை_டீச்சர்
லேத்துக்கார தம்பி சொன்னது எடை எப்படி குறைஞ்சதுன்னு. பாலக்கோடு தம்பி கேட்டது உதை எங்க போச்சுன்னு. அது தனி கேள்வி, பதினோராம் வகுப்பு கணக்குதான், போட்டுப் பாப்போம்.

குண்டு 46 கிலோன்னு வைங்க. முழு சார்ஜ்ல, அதாவது குண்ட தள்ளுற வெடிமருந்து முழு அளவு போட்டா, பேரல் வாய விட்டு வெளிய வர்றப்போ செகண்டுக்கு 827 மீட்டர். பெருக்குனா 38,000 சொச்சம். உந்தம் மாறாதுங்கிறதால அதே 38,000 பீரங்கிக்கு பின்பக்கமா கிடைக்கும். சக்கரத்துல சும்மா நிக்குற 4,200 கிலோ பீரங்கின்னா செகண்டுக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிமீ வேகத்துல பின்னாடி ஓடும். அதே கணக்க 12 டன்னுக்கு போட்டா மணிக்கு 11 கிமீ தான். வெடிமருந்து வாயுவும் பேரல் வாயிலேர்ந்து பாயுமே, அத இதுல சேர்க்கல. சேத்தா இன்னும் கூடும். அதனால தம்பியோட சந்தேகம் நியாயமான சந்தேகம். உந்தம் குறையவே இல்ல, டைட்டானியம் போட்டதால பிரச்சனை பெருசாத்தான் ஆச்சு.

இத சமாளிக்க ரெண்டு மூணு வழி. ஒன்னு, பேரல் வாயில இருக்குற மசில் பிரேக், வாயுவ பக்கவாட்டுல திருப்பி விட்டு கொஞ்சம் உதைய முன்பக்கமா இழுக்கும். ரெண்டு, பேரல் பின்னாடி வர்ற தூரத்த கூட்டுறது. நிறுத்துற தூரம் ரெட்டிப்பானா சட்டத்துக்கு வர்ற விசை பாதியாயிடும். எம்777ல பேரல் ஒரு மீட்டருக்கு மேல பின்னாடி சறுக்கி வருது, எண்ணெயும் நைட்ரஜனும் அத புடிச்சு நிறுத்தி மறுபடி முன்னாடி தள்ளுது. மூணாவது வழி இருக்கு, அது பேரல் எவ்வளவு உசரத்துல உக்காந்திருக்குங்கிற விஷயம், அத பீரங்கில வேல பாத்தவங்க சொன்னா நல்லா இருக்கும்.

பாலக்கோடு_தக்காளி
டீச்சர் நீங்க எந்த ஸ்கூல்னு மட்டும் சொல்லுங்க, நான் மறுபடி பதினொன்னு சேந்துக்குறேன்

ரிட்டயர்டு_கன்னர்
வணக்கம். 130 மிமீ பீரங்கில ஆரம்பிச்சு போஃபர்ஸ்ல முடிச்சவன் நான். எம்777ல சர்வீஸ் பண்ணல, அது முறைப்படி படையில சேந்தது 2018 நவம்பர்ல தேவ்லாலில, நான் அதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டேன். ஆனா பசங்க இப்ப அதுல இருக்காங்க, பேசிக்குவோம்.

டீச்சர் விட்ட இடம்தான் மெயின். பீரங்கி சுட்டா ரெண்டு விதமா தொந்தரவு குடுக்கும். ஒன்னு பின்னாடி வழுக்கும். இன்னொன்னு முன்பக்கம் எகிறி மல்லாக்க பாக்கும். வழுக்குறத ஸ்பேடு பாத்துக்கும், மண்ணுல குத்தி நிக்கும். எகிறுறதுதான் லேசான பீரங்கிக்கு எமன். எகிறுற அளவு எதுல இருக்குன்னா உதை தரையிலேர்ந்து எவ்வளவு உசரத்துல வருதுங்கிறதுல. கபடியில நிமிந்து நிக்கிறவன நெஞ்சுல தள்ளுனா சாஞ்சிடுவான், குனிஞ்சு கால அகட்டி நிக்கிறவன அசைக்க முடியாது, அதே கதைதான். எம்777ல பேரல் சுத்துற அச்ச ரொம்ப கீழ இறக்கிட்டான். சுடும்போது சக்கரத்த மேல தூக்கிட்டு வயிறு தரையில படுற மாதிரி உக்காந்துடும். முன்னாடி ரெண்டு கால் நீட்டியிருக்கும், பின்னாடி ரெண்டு கால் ஸ்பேடோட. சுட்ட உடனே சட்டம் மொத்தமும் மண்ணோட ஒட்டி அமுங்கும். மொத ஒன்னு ரெண்டு குண்டுக்கு ஸ்பேடு நல்லா இறங்குற வரைக்கும் நகரும், அப்புறம் உக்காந்துடும்.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. பேரல் கீழ இருக்குறதால மூக்க நிமித்தி வச்சா, இது 70 டிகிரிக்கு மேலயும் நிமிரும், பிரீச் தரைய தொடுற மாதிரி போயிடும். அந்த நிலைமைல குண்டு போட முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும் பேரல இறக்கி, டிரேல குண்ட வச்சு, ரேமர் கம்பால நாலு கை சேந்து குத்தி, சார்ஜ் வச்சு, மறுபடி ஏத்தி, அப்புறம்தான் ஃபயர். மலையில பெரும்பாலும் அந்த உசர கோணம்தான் வேணும், முகட்டுக்கு அந்தப்பக்கம் ஒளிஞ்சிருக்கிறவன் மேல விழணும்னா மேல போய் செங்குத்தா இறங்கணும். போஃபர்ஸ்ல குண்டு ஏத்த கிரேன் இருக்கு, 15 செகண்டுக்குள்ள 3 குண்டு போவும், சொந்தமா ஒரு இன்ஜின் இருக்கு, டிரக்க கழட்டி விட்டா தானா கொஞ்ச தூரம் நகரும். 1999 கார்கில் போர்ல, திராஸ்ல அந்த பர்ஸ்ட் ஃபயர் எங்களுக்கு எவ்வளவு கை குடுத்துச்சுன்னு இருந்தவனுக்குத்தான் தெரியும். எம்777ல கிரேன் இல்ல, இன்ஜின் இல்ல, சக்கரத்த தூக்குறது கூட கைப்பம்பு அடிச்சுத்தான். அவசரத்துக்கு நிமிஷத்துக்கு நாலஞ்சு, தொடர்ந்து சுடணும்னா ரெண்டு. பிராணவாயு கம்மியா இருக்குற உசரத்துல 46 கிலோ குண்ட தூக்கி வச்சுப் பாருங்க, ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சு வாங்கும். போஃபர்ஸ விட குறைஞ்ச அந்த 8 டன்ல பாதி டைட்டானியத்தால போகல, இதெல்லாம் இல்லாததால போச்சு.

லேத்துக்காரன்_ஓசூர்
கடைசி வரி 👌 அண்ணே. இன்னொன்னு நான் ரசிச்சது, டோயிங் ஐய தனியா ஒரு ஃப்ரேம் போட்டு மாட்டல, மசில் பிரேக்லயே வச்சிட்டான். பீரங்கி வாய டிரக்குல மாட்டி இழுத்துட்டுப் போறது. ஒரு பாகம் ரெண்டு வேலை. டிசைன் பண்ணவன் ஒவ்வொரு போல்ட்டையும் கையில எடுத்து நீ எதுக்குடா இங்க இருக்கன்னு கேட்டிருப்பான் போல. டிசைன் பொறந்தது இங்கிலாந்துல பேரோ இன் ஃபர்னஸ்ங்கிற ஊர்ல, விக்கர்ஸ் கம்பெனி, நீர்மூழ்கிக் கப்பல் கட்டுற யார்டு.  அமெரிக்க மரைன் படையில 2005ல சேந்துச்சு. அதுக்கு முன்னாடி அவங்க வச்சிருந்த எம்198 ஏழு டன்னுக்கு மேல

தகடூர்_வேந்தன்
எல்லாம் சரிங்க. ஆனா நம்ம அட்டாக்ஸ் பீரங்கி இருக்கும்போது இத ஏன் தலையில தூக்கி வச்சு ஆடணும்? டிஆர்டிஓ புனேல டிசைன் பண்ணது, 52 கேலிபர் பேரல், 48 கிமீ அடிச்சு காட்டியிருக்கு. எம்777 சாதா குண்டுக்கு 24 கிமீ, பேஸ் பிளீட் (அடியில வாயு விட்டு இழுவைய குறைக்கிற குண்டு) போட்டா 30, எக்ஸ்காலிபர்னு ஜிபிஎஸ் குண்டு வாங்கி போட்டாத்தான் 40. 2025 மார்ச்ல 307 அட்டாக்ஸுக்கு ஒப்பந்தம் போட்டாச்சு, பாரத் ஃபோர்ஜும் டாடாவும் பண்றாங்க. அதியமான் ஊர்க்காரனா சொல்றேன், சொந்த ஆயுதம் சொந்த ஆயுதம்தான்

மாங்கா_மண்டி
அதான நானும் சொல்றேன். 2016 நவம்பர்ல 145 எம்777க்கு போட்ட ஒப்பந்தம் 73 கோடி டாலருக்கு மேல, நம்ம காசுல 5,000 கோடி பக்கம். வகுத்துப் பாருங்க, ஒன்னுக்கு 34 கோடி. அட்டாக்ஸ் 307ம் இழுக்குற வண்டியும் சேத்தே 6,900 கோடி, ஒன்னுக்கு 22 கோடி சொச்சம். தூரமும் கம்மி வேகமும் கம்மி விலை மட்டும் ஜாஸ்தி. மண்டியில இப்படி சரக்கு வாங்கினா எங்கப்பா என்ன வீட்ட விட்டு தொரத்திருப்பாரு

பர்கூர்_லாரி
நான் பீரங்கி பாத்தவன் இல்ல நைனா, ரோடு பாத்தவன். கிரானைட் ஸ்லாப் ஏத்திக்கினு வடக்க போவேன், ஒருதபா கவுகாத்திலேர்ந்து தேஜ்பூர் தாண்டி தவாங் ரோட்டுல வேற லோடு கிடைச்சி போனேன். அந்த சேலா கணவாய் டன்னல் திறக்குறதுக்கு முன்னாடி. (டன்னல் 2024 மார்ச்லதான் திறந்தாங்க.) தொப்பூர் கணவாய்ல இறங்க பயப்படுறோமே, அங்க போனா தொப்பூருக்கு கும்பிடு போடலாம். ஒரு வளைவுல ஒரே தபா திரும்ப முடியாது, முன்ன பின்ன முன்ன பின்னன்னு அடிச்சாத்தான் வண்டி மூக்கு திரும்பும், கிளீனர் பய இறங்கி பின் சக்கரம் ஓரத்த பாத்து கத்திக்கினே இருக்கணும். ரோடு ஈரமா இருந்தா ஓரம் சரியும். அப்புறம் இரும்பு பெய்லி பாலம், ஒவ்வொன்னுக்கும் வாசல்ல போர்டு இருக்கும், இத்தன எடை கிளாஸ் வண்டிக்கு மேல ஏறாதேன்னு. மிலிட்டரிக்காரங்க கூட ஒவ்வொரு வண்டியா விட்டு விட்டு அனுப்புவாங்க.

இப்ப சொல்லுங்க, அட்டாக்ஸ் 18 டன்னுன்னு சொல்றாங்க, அத இஸ்துகினு போற டிரக்கு தனி, ரெண்டும் சேந்து எவ்ளோ நீளம் எவ்ளோ எடை? 48 கிமீ சுடும் சரி, மொதல்ல அது அந்த வளைவுல திரும்பணுமே

ரிட்டயர்டு_கன்னர்
லாரிக்கார தம்பி, ஒரு பீரங்கி ஆபீசர் பேசுற மாதிரி பேசிட்ட. இதுதான் விஷயம். அட்டாக்ஸ் பாலைவனத்துக்கும் பஞ்சாப் சமவெளிக்கும் அகலமான லடாக் பள்ளத்தாக்குக்கும் அருமை. அத குறை சொல்லல. ஆனா அருணாச்சல்ல ரோடு முடிஞ்ச இடத்துக்கு அப்புறமும் மலை இருக்கு. முன்னாடி அங்க என்ன பண்ணோம்? 105 மிமீ லைட் ஃபீல்டு கன்ன கொண்டு போனோம். 2.4 டன், தங்கமான பீரங்கி, ஆனா குண்டு 15, 16 கிலோ, தூரம் 17 கிமீ. பதுங்கு குழி கான்கிரீட்டுன்னா 105 தட்டி கூப்பிடுற மாதிரி, 155 கதவ உடைச்சிட்டு உள்ள போற மாதிரி. 155ஐ 105 போற இடத்துக்கு கொண்டு போகணும், அதுக்குத்தான் எம்777 வாங்குனது. 2021 அக்டோபர்ல தவாங் பக்கம் வச்சு பத்திரிகைக்காரங்களுக்கு காமிச்சாங்க.

சினூக் 2019 மார்ச்ல சண்டிகர்ல சேந்துச்சு, மொத்தம் 15. ரெண்டும் ஒன்னுக்கு ஒன்னு வாங்குன ஜோடி. சாயங்காலம் ஒரு பள்ளத்தாக்குல இருந்த பீரங்கி காலைல பக்கத்து பள்ளத்தாக்குல இருக்கும், எதிரி மேப்புல ரோடு மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். ஆனா ஒன்னு மறந்துடக் கூடாது, பீரங்கிய தூக்குறது ஒரு டிரிப்பு. குண்டு? நூறு குண்டு நாலரை டன். சார்ஜும் ஃபியூஸும் தனி. ஆளுங்க, ரேஷன், மண்ணெண்ணெய். வீடியோல பீரங்கி தொங்குறத காட்டுவான், பின்னாடி வர்ற குண்டு பெட்டி டிரிப்ப காட்ட மாட்டான்.

இறக்குன இடம் பாறையா இருந்தா இன்னும் கூத்து. ஸ்பேடு பாறையில இறங்காது. கடப்பாறை சம்மட்டி எடுத்து ஸ்பேடுக்கு குழி வெட்டணும், மண்மூட்டை அடுக்கணும். எங்க காலத்துலயும் அப்படித்தான், இப்பவும் பசங்க கையில காப்பு காய்ச்சுத்தான் இருக்கு

தகடூர்_வேந்தன்
சரிண்ணே, மலைக்கு ஒத்துக்குறேன். ஆனா 145ஓட நிறுத்தினது நல்லதுன்னுதான் இன்னும் சொல்வேன்

ராயக்கோட்டை_ராக்கெட்
லேட்டா வர்றேன். பீரங்கிய மலை ஏத்துற தலைவலி நம்ம ஊருக்கு புதுசு இல்ல மக்களே. 1791ல கார்ன்வாலிஸ் காலத்து மைசூர் போர்ல கம்பெனி படை ஜூலைல ஓசூரையும் ராயக்கோட்டையையும் புடிச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல கிருஷ்ணகிரி மலைக்கோட்டைய புடிக்க மேக்ஸ்வெல் ஏறப் போய் மேலேர்ந்து உருட்டிவிட்ட கல்லுலயே நிறைய பேர பறிகொடுத்து இறங்கினாரு. ஹைதரும் திப்புவும் ஜெயிச்ச காலத்துல அவங்க பீரங்கிய இழுத்தது மைசூரு அம்ரித் மஹால் மாடுங்க, அந்த மாட்டு வேகத்துக்கு கம்பெனி மாடு ஈடுகுடுக்க முடியல. பின்னாடி வெள்ளக்காரனே அந்த மந்தைய எடுத்து வளத்தான். கோட்டைக்கு மேல இப்பவும் ஏறிப் பாருங்க, வெறுங்கையோட ஏறவே நாக்கு தள்ளும்

மாங்கா_மண்டி
டாபிக்குக்கு வாங்கப்பா. 2017ல போக்ரான்ல ஒன்னு வெடிச்சுதே, அத யாரும் பேசல. லேசா பண்ணா வெடிக்கத்தான செய்யும்?

லேத்துக்காரன்_ஓசூர்
வெடிச்சது பேரல். பேரல் ஸ்டீல்னு மேலயே சொன்னேன். லேசாக்குன பாகம் ஒன்னும் உடையல. 2017 மே மாசம் மொத ரெண்டு பீரங்கி வந்துச்சு, செப்டம்பர்ல போக்ரான்ல நம்ம நாட்டு குண்ட போட்டு டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, ஃபயரிங் டேபிள் எடுக்குறதுக்கு. குண்டு பேரல விட்டு துண்டு துண்டா வெளிய வந்துச்சு, பேரல் சேதம், யாருக்கும் அடி இல்ல. குண்டு பேரலுக்குள்ளயே சிதறினா எந்த பீரங்கியா இருந்தாலும் பேரல் போகத்தான் செய்யும், 12 டன் எடை இருந்தாலும் ஒன்னும் காப்பாத்தாது

ஊத்தங்கரை_டீச்சர்
ஃபயரிங் டேபிள்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு சார்ஜுக்கும் இந்த கோணத்துல வச்சா இவ்வளவு தூரம் போகும்னு ஒரு அட்டவணை. காத்தோட அடர்த்தி, வெப்பநிலை, குண்டோட எடைல வர்ற சின்ன வித்தியாசம் எல்லாத்துக்கும் திருத்தம் இருக்கும். இங்க முக்கியமா ஒன்னு, 4,000 மீட்டர் உசரத்துல காத்து அடர்த்தி கடல் மட்டத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குதான். இழுவை குறையும், அதே சார்ஜ்ல குண்டு தூரமா போகும். 24 கிமீ, 30 கிமீன்னு விளம்பரத்துல போடுறது கடல் மட்டத்துக் கணக்கு, மலை மேல அது கூடும். அதனால வேந்தன் தம்பி போட்ட தூர ஒப்பீடு மலைக்கு அப்படியே பொருந்தாது, ஆனா அட்டாக்ஸுக்கும் அதே லாபம் கிடைக்கும்ங்கிறதையும் சொல்லிடுறேன்

பாலக்கோடு_தக்காளி
அப்ப உக்ரைன் நிலவரம்? அங்க 2022ல அமெரிக்கா மொதல்ல 90 குடுத்தான், கனடா 4, ஆஸ்திரேலியா 6. ட்ரோன் வீடியோல பாத்தா நிறைய அடிவாங்குதே

ரிட்டயர்டு_கன்னர்
தம்பி, அடிவாங்குனது எம்777ங்கிறதால இல்ல, இழுவை பீரங்கிங்கிறதால. நீ ஒரு குண்டு சுட்டா எதிரி ரேடார் அந்த குண்டோட பாதைய புடிச்சு திருப்பிக் கணக்கு போட்டு நீ எங்க நிக்கிறன்னு கண்டுபுடிச்சிடுவான். அப்புறம் நிமிஷக் கணக்குதான். எம்777 வந்து நின்னு சுட ரெடியாக மூணு நிமிஷம் போல, மூட்டைய கட்ட ரெண்டு நிமிஷம் போல, இழுவை பீரங்கில இது நல்ல நேரம்தான். பழக்கமான டிடாச்மென்ட் (பீரங்கிய ஓட்டுற குழு) இருக்கணும், 8 பேர் இருந்தா நிம்மதி, 5 பேர வச்சும் ஓட்டலாம். டிரக்கு மேலயே பீரங்கி இருக்குறவன் இத விட சீக்கிரம் கிளம்பிடுவான். இப்ப தலைக்கு மேல ட்ரோன் சுத்தும்போது கிளம்பிப் போற வழியிலயே பாத்துடுறான், அது வேற தொல்லை.

இன்னொன்னு, அங்க ஒரு நாளைக்கு சுடுற எண்ணிக்கைக்கு எந்த பேரலும் தாங்காது. முழு சார்ஜ்ல சுடச் சுட உள்பக்கம் தேயும், தேஞ்சா குண்டு வேகம் குறையும், சிதறல் கூடும், பேரல மாத்தியாகணும். நாங்க ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு புக்கு வச்சிருப்போம், எந்த சார்ஜ்ல எத்தன குண்டுன்னு விடாம எழுதணும், அந்த புக்க தொலைச்சவன் கதி அவ்வளவுதான்.

நம்ம மலையில ட்ரோன் ஆபத்து இருந்தாலும் நிலம் வேற. ஒரு முகட்டுக்கு பின்னாடி இறக்கினா நேரா பாக்க முடியாது, ரேடாருக்கும் மலை மறைக்கும். சமவெளி உக்ரைன்ல பாத்தத அப்படியே தவாங்குக்கு தூக்கிட்டு வர முடியாது. அதுக்காக பயமில்லைன்னும் சொல்ல மாட்டேன்

மாங்கா_மண்டி
34 கோடிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல

லேத்துக்காரன்_ஓசூர்
நீங்க வுடமாட்டீங்களே ணா. அந்த 5,000 கோடில பீரங்கி மட்டும் இல்ல, ஸ்பேர், டிரெய்னிங், லேசர் ஜைரோ வச்ச குறிபார்க்குற சிஸ்டம்னு சேந்து வர்றது. 25 பீரங்கி முழுசா வந்துச்சு, மிச்சம் 120 ஃபரிதாபாத்ல மஹிந்திரா அசெம்பிள் பண்ணாங்க. அதுக்கு மேல டைட்டானியம் விலை. பில்லட் (வெட்டுறதுக்கு முன்னாடி இருக்குற உலோகக் கட்டி) விலைய விடுங்க, ஒரு பில்லட்ட வெட்டி முடிக்கிறப்போ பாதிக்கு மேல சுருளா குப்பைத்தொட்டிக்கு போவும், மிஷின் நேரம் ஸ்டீல விட மூணு நாலு மடங்கு.

எனக்கு வயித்தெரிச்சல் வேற இடத்துல. மண்ணு நம்ம மண்ணு. மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல டைட்டானியம் தாது இல்மனைட் இருக்கு. கேரளா சவறால டைட்டானியம் ஸ்பாஞ்ச் (சுத்திகரிச்ச கச்சா உலோகம்) ஆலை 2011லயே ஆரம்பிச்சாச்சு. ஹைதராபாத் மிதானி அலாய் உருக்குறாங்க. டிஃபன்ஸ் காரிடார்ல சென்னை, கோவை, திருச்சி, சேலத்தோட ஓசூர் பேரும் இருக்கு. பாரத் ஃபோர்ஜ் 155/39ல இலகு பீரங்கி செஞ்சு கண்காட்சில வச்சிருக்காங்க. எல்லா துண்டும் தனித்தனியா கிடக்கு. சின்ன ஷாப்புக்கு டைட்டானியம் ஆர்டர் வரணும்னா சர்டிபிகேட்டு மேல சர்டிபிகேட்டு கேக்குறாங்க, கேக்கட்டும் தப்பில்ல, ஆனா அத வாங்குற செலவுக்கு தாங்குற அளவு ஆர்டர் கண்ணுல தெரியணும்ல? 145 பீரங்கிக்கு யாரும் தனி லைன் போட மாட்டான். 500, 600 வேணும்னு சொன்னா நாளைக்கே எங்க தெருவுல நாலு பேர் மிஷின் புக் பண்ணுவான்

தகடூர்_வேந்தன்
அப்ப நம்மூர் பங்குன்னு எதுவுமே இல்லையா இதுல?

பர்கூர்_லாரி
ஏன் இல்ல? இஸ்துகினு போற வண்டிய மறந்துட்டியா. ஓசூர்ல பிளான்ட் வச்சிருக்கிற அசோக் லேலண்டுக்கு 2023ல 800 கோடிக்கு மிலிட்டரி ஆர்டர் வந்துச்சு, லேசான பீரங்கி இழுக்க 4×4, நடுத்தர பீரங்கி இழுக்க 6×6. அவங்க சிவில் வண்டிதான் நானும் ஓட்டுறேன், ஏத்தத்துல இழுப்பு நல்லா இருக்கும், இறக்கத்துலதான் நம்ம கையி

பாலக்கோடு_தக்காளி
கன்னர் அண்ணே ஒரே ஒரு டவுட்டு, பேரல் வாய டிரக்குல மாட்டி இழுக்குறாங்கன்னு லேத்து அண்ணன் சொன்னாரு. மலை ரோட்டுல குலுக்குற குலுக்குக்கு பேரல் வளைஞ்சுடாதா? கோணலா சுடாதா?

ரிட்டயர்டு_கன்னர்
155 பேரல் சுவர் கனத்த நேர்ல பாத்தா இந்த கேள்வி கேக்க மாட்ட. இழுத்துட்டுப் போறப்போ பேரல சட்டத்தோட சேத்து லாக் பண்ணிடுவாங்க, இழுவை முழுக்க சட்டத்துக்கு போயிடும். நீ கவலைப்பட வேண்டியது குறிபார்க்குற கருவிங்கதான், அத கழட்டி பெட்டில வச்சு மடியில குழந்த மாதிரி கொண்டு போறவங்க உண்டு. பொசிஷனுக்கு போன உடனே மொத வேலை பேரல் வாய் மூடிய கழட்டி உள்ள டார்ச் அடிச்சு பாக்குறது. தூசி, கல்லு, ஒருதபா எங்க 130ல குருவி கூடு. அதுக்கப்புறம் குறி சரியா இருக்கான்னு தூரத்துல ஒரு புள்ளிய வச்சு செக் பண்ணிட்டு, நம்பர் 1, அதாவது பீரங்கி குழுவோட தலைவன், "ரெடி"ன்னு கை தூக்குவான்.

மாங்கா_மண்டி
குருவிக்கு எத்தன கோடி?